கங்கை முகத்து மணலையும் அதன் சினையும்

திருகோணமலையின் மீன் சமையல் என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது ஆழ்கடலையே. ஆனால் இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி கங்கை 335 கிலோமீட்டர் ஓடிவந்து மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலப்பதாலும், தம்பலகாமக் குடாவிலும் உப்பாற்றுக் களப்பிலும் நன்னீரும் உப்புநீரும் கலந்தே கிடப்பதாலும், இம்மாவட்டத்து அடுப்புகளில் ஏறும் மீன்களுள் ஒரு பகுதி கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவானதாக இருக்கிறது. களப்பு என்பது மணல்மேட்டாலோ ஒடுங்கிய வாயாலோ கடலிலிருந்து பாதி பிரிக்கப்பட்டு, மழைக்காலத்தில் ஆற்றுநீரையும் கோடையில் கடல்நீரையும் மிகுதியாக ஏற்கும் நீர்ப்பரப்பாகும். அத்தகைய நீரில் வளர்ந்து, ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் வயிறு நிறையச் சினையோடு வெளிப்படும் மீன்களுள் முதன்மையானது ஈழத்துத் தமிழர் மணலை என்றும் தமிழ்நாட்டார் மடவை என்றும் அழைக்கும் மீன்.

மணலைக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டெனினும், சினைக்காக உலகெங்கும் தேடப்படுவது, லின்னேயஸ் 1758இல் முகில் செபலஸ் என்று பெயரிட்ட சாம்பல்நிற இனமாகும். இது வெப்பமண்டலத்திலும் மிதவெப்பமண்டலத்திலும் ஏறத்தாழ எல்லாக் கரையோரங்களிலும் காணப்படுவது. இதன் வாழ்க்கை முறை விந்தையானது: முட்டையிலிருந்து வெளிவருவது கடலில், வளர்வது கழிமுகத்திலும் களப்பிலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும், பின் முட்டையிடுவதற்காகத் திரும்பிச் செல்வது மீண்டும் கடலுக்கு. சேற்றின் மேற்படலத்தையும் அதிலுள்ள நுண்பாசிகளையும் அழுகிய தாவரத் துகள்களையும் மணலோடு சேர்த்து உறிஞ்சி உண்ணும் இம்மீனுக்கு, அந்த உணவை அரைப்பதற்கென்று கோழியின் இரைப்பையைப் போன்ற தடித்த தசைவயிறு அமைந்திருக்கிறது. பிற உயிர்களை வேட்டையாடாமல் சேற்றின் வளத்தை நேரே கொழுப்பாக மாற்றிக்கொள்வதால், கழிமுகத்தின் நிலை எப்படியோ அப்படியே இம்மீனின் சுவையும் அமைகிறது. தெளிந்த நீரோட்டமுள்ள இடத்து மணலைக்கும் தேங்கிய சேற்றில் பிடிபட்ட மணலைக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு உடனே உணர்ந்துவிடும்.

வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையில் இம்மீன் சினை முற்றிக் கடலை நோக்கிச் செல்லும் காலம், பொதுவாக, வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களாகும். ஒடிசாவின் சில்கா ஏரியில் கைங்கா என்று அழைக்கப்படும் இதே மீன் அக்காலத்திலேயே ஏரிவாயைக் கடந்து வெளியேறுகிறது. திருகோணமலையிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி விழுவது இந்த மாதங்களில்தான். ஆற்றில் வெள்ளம் பெருகும், முகத்துவாரங்கள் அகலத் திறக்கும், களப்பு நீரின் உவர்ப்பு குறையும். அதே வேளையில் கிழக்குக் கடல் கொந்தளித்துச் சிறு வள்ளங்கள் ஆழத்துக்குப் போவது அரிதாகும். எனவே கடல்மீன் குறைந்து விலையேறும் காலமும், களப்பு மீன் கொழுத்துச் சினை தாங்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளில் மாரிகாலத்துக் கறிச்சட்டிக்குக் களப்பு மீன் முக்கியமாவது இதனால்தான். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகுப் பாதையில் காத்திருந்து கடக்க வேண்டியிருந்த, கிண்ணியாவை நகரிலிருந்து பிரிக்கும் நீர்வழியை இப்போது வாகனங்கள் சில நிமிடங்களில் கடந்துவிடுவது, விரைவில் கெடும் சினைக்கு எத்துணை பெரிய வாய்ப்பு என்பதைச் சமைப்பவர்கள் அறிவார்கள்.

மணலையைச் சமைப்பதன் வெற்றி பாதிக்கு மேல் அதைத் துப்புரவாக்குவதிலேயே இருக்கிறது. பெரிய செதில்களை வாலிலிருந்து தலைநோக்கிச் சுரண்டி எடுத்தபின், வயிற்றை ஆழமாகக் கீறாமல், கத்தியின் முனையை மேல்நோக்கிப் பிடித்து மெல்லத் திறக்க வேண்டும். இல்லையெனில் தோலுக்கு அடுத்தே கிடக்கும் சினைப்பை அறுபட்டு முட்டைகள் சிதறும். சினைப்பை என்பது முதுகெலும்பின் அடியில் இரு கிளைகளாக நீண்டு பின்முனையில் ஒன்றுசேரும் மெல்லிய சவ்வுறை. அதனுள் இலட்சக்கணக்கான நுண்ணிய முட்டைகள் செறிந்திருக்கும். முற்றிய பெட்டை மீனில் இது உடல் எடையின் ஐந்திலொரு பங்கை எட்டுவதும் உண்டு. சினையை எடுக்கும்போது பித்தப்பை உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது, ஏனெனில் அதன் கசப்பு ஒருமுறை சினையில் பட்டுவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் நீங்காது. பிறகு வயிற்றறையின் உட்புறத்தில் படிந்திருக்கும் கரிய சவ்வை உப்புத் தேய்த்து முழுமையாக உரித்தெடுக்க வேண்டும். மணலைக் கறி கசக்கிறது என்று குறைகூறப்படும் இடங்களில் பெரும்பாலும் குற்றம் மீனினுடையதன்று, உரிக்காமல் விட்ட அந்தக் கரிய சவ்வினுடையதே.

சேற்றுநீர் மணலையில் எழும் மண்வாடைக்குக் காரணம் வேறு. நீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் அந்த வாடை எழுகிறது. மழை விழுந்தவுடன் நிலத்திலிருந்து எழும் மணமும் இதே பொருளால் உண்டாவதுதான். புளிப்பான சூழலில் இப்பொருள் சிதைந்து மணமற்ற வேறொன்றாக மாறிவிடும். தேசிக்காய்ச் சாற்றையோ புளிக்கரைசலையோ உப்போடும் மஞ்சளோடும் தடவிச் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவும் பழக்கமும், கிழக்கிலங்கையில் சேற்றுநீர் மீனுக்குப் பழப்புளியும் கொறுக்காயும் தாராளமாகச் சேர்க்கப்படுவதும் இந்த வேதியியலை அறியாமலே கண்டடைந்த தீர்வுகள். கொறுக்காய் என்பது மரத்தில் காய்க்கும் புளிப்பான பழத்தின் சுளைகளை உலர்த்திக் கறுக்கவைத்த பொருள். மீன்சதையை இறுக்கிக் குழம்பில் உடையாமல் காக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

சதைக்கும் சினைக்கும் ஒரே சமையல் பொருந்தாது என்பதே இம்மீனைப் பற்றி முதன்மையாகச் சொல்ல வேண்டியது. சதை சில நிமிடங்களில் வெந்துவிடும். சினையோ வெளிப்புறம் விரைவில் வெந்து உட்புறம் பச்சையாக நிற்கும். காரணம் எளிது: முட்டைகளின் புரதம் சூடு பட்டவுடன் கட்டியாகி, உள்ளே வெப்பம் புகுவதைத் தடுக்கிறது. அதோடு, சவ்வுறைக்குள் அகப்பட்ட நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி உறையை வெடிக்கச் செய்வதால், கொதிக்கும் எண்ணெயில் நேரே இடப்பட்ட சினை வெடித்துத் தெறித்து, பக்கத்தில் நிற்பவரின் கையைச் சுட்டுவிடும். எனவே சினைப்பையை ஊசியாலோ முள்ளாலோ பல இடங்களில் குத்தி, உப்பும் மஞ்சளும் கலந்த நீரில், கொதி பொங்காமல் சிறுதீயில், பத்து நிமிடமளவு அவித்தெடுப்பதே பாதுகாப்பான முதற்படி. ஆறியபின் விரற்கடை அளவு வில்லைகளாக அரிந்து, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, சிறிது தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றைப் பூசித் தாச்சியில் குறைந்த எண்ணெயில் இருபுறமும் சிவக்க வாட்டினால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் கொண்ட சினைப் பொரியல் கிடைக்கும். மணலைச் சினையின் கொழுப்பில் பெரும்பகுதி மெழுகு போன்ற ஒருவகைக் கொழுப்பு என்பதால் அது விரைவில் திகட்டும், கொலஸ்திரோலும் மிகுதி. ஒருவருக்கு இரண்டு மூன்று வில்லைகள் போதுமானவை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லாமல் கடப்பது தவறு. களப்பிலும் கரையோரத்திலும் வலையில் அகப்படும் பேத்தை மீனின் சினையிலும் ஈரலிலும் தெத்ரோடொக்சின் என்னும் கொடிய நஞ்சு செறிந்துள்ளது. சமைப்பதால் அது அழியாது, முறிமருந்தும் இல்லை. எந்த மீனிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாமல் தனியாக விற்கப்படும் சினையை வாங்காமல், சினையோடு கூடிய முழு மீனையே வாங்கி வீட்டில் அறுப்பது இதனால் உயிர்காக்கும் வழக்கமாகும்.

குழம்பில் சினையைச் சேர்ப்பதற்குக் கிழக்கில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது புளிக்குழம்பு: சின்ன வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, வறுத்து இடித்த கறித்தூளும் புளிக்கரைசலும் தேங்காயின் இரண்டாம் பாலும் விட்டுக் கொதித்து வற்றத் தொடங்கும்போது முதலில் சினைத்துண்டுகளை இட்டு, அவை இறுகியபின் மீன் துண்டங்களைச் சேர்த்து, அகப்பையால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றி, இறக்கும் தறுவாயில் முதற்பாலை ஊற்றுவது. புளிப்பும் கொதிப்பும் சேர்ந்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும் என்பதால்தான் முதற்பால் கடைசிவரை காத்திருக்கிறது. இரண்டாவது சொதி: மிளகாய்த்தூள் இன்றி, மஞ்சள், பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம் மட்டும் சேர்த்த மெல்லிய பால்நீரில் சினையை மெதுவாக வேகவைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழிவது. கறித்தூளின் கடுமை சினையின் நுண்சுவையை மூடிவிடுவதால், புதிய சினைக்குச் சொதியே மேலானது. இரண்டாம் நாள்வரை வைத்துண்ணப் புளிக்குழம்பு பொருந்தும். அறுக்கும்போது உடைந்துபோன சினையையும் வீணாக்க வேண்டியதில்லை: உறையிலிருந்து முட்டைகளை வழித்தெடுத்து, வதக்கிய வெங்காயத்தோடும் பச்சைமிளகாயோடும் சிறுதீயில் உதிரும்வரை பிரட்டி, தேங்காய்ப்பூவும் மிளகும் சேர்த்து இறக்கினால் சினை வறையாகும்; குழல்பிட்டுக்கு இதைவிட இணக்கமான துணை அரிது.

மணலைச் சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்திப் பாதுகாக்கும் கலை உலகின் பல கரைகளில் தனித்தனியே உயர்நிலை பெற்றிருக்கிறது. சார்தீனியத் தீவின் கப்ராஸ் பகுதியில் பொத்தார்கா, கிரேக்கத்தின் மெசொலொங்கிக் களப்பில் அவ்கொதாராகோ, எகிப்தில் பதாரேக், ஜப்பானின் நாகசாக்கியில் கராசுமி என அதற்குப் பெயர்கள் பல, செய்முறை ஒன்றே. இரு கிளைகளும் இணையும் இடத்தில் சிறிது சதையை விட்டுவைத்துக் கிழியாமல் எடுத்த சினைப்பையிலிருந்து குருதி நாளங்களை வழித்து நீக்கி, உப்பில் சில மணிநேரம் புதைத்து, கழுவி, பலகைகளுக்கிடையே அழுத்தி, நாள்தோறும் திருப்பித் திருப்பி உலர்த்த, அது தேன்நிறக் கட்டியாக இறுகி, மெல்லிய சீவல்களாக அரிந்து உண்ணும் பதத்தை அடைகிறது. தாய்வானின் தென்மேற்குக் கரையில், மார்கழியில் சூரியன் தென்கோடியை எட்டும் நாளை ஒட்டிக் கூட்டமாக வரும் இம்மீனின் சினை பெரும் வணிகமாகவே வளர்ந்துள்ளது.

இதே மீன் இதே அளவு சினையோடு வந்தும் திருகோணமலையில் உலர்சினை ஏன் அத்தகைய இடத்தைப் பெறவில்லை என்ற வினாவுக்கு, வடகீழ்க் காற்றே விடையாகலாம். அக்காற்று தாய்வானின் மலைகளைக் கடந்து தென்மேற்குக் கரையை அடையும்போது வறண்டு, வெயிலும் உலர்காற்றும் நிறைந்த குளிர்காலத்தைத் தருகிறது. வங்காள விரிகுடாவின் நீரைச் சுமந்துகொண்டு இலங்கையின் கிழக்குக் கரையை அடையும்போதோ அடைமழையாகக் கொட்டுகிறது. சினை முற்றும் மாதங்களில் வெயில் இல்லாத நாட்டில், சினையை உலர்த்துவதைவிட அன்றன்றே சட்டியில் இடுவதே இயல்பான வழி. ஈழத்துக் கிழக்கின் சினைச் சமையல் பாலும் புளியும் சார்ந்த ஈரமான சமையலாக வளர்ந்ததைக் குறைபாடாகக் கருத இடமில்லை. அது அந்த வானிலைக்கு அளிக்கப்பட்ட தக்க மறுமொழி.

மணலை ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்லும் சினை மீன் என்றால், அதற்கு நேரெதிரான பயணத்தை மேற்கொள்வது உள்ளம். வங்காளியர் இலிஷ் என்றும், தெலுங்கர் புலாசா என்றும், சிந்தியர் பல்லா என்றும் போற்றும் இம்மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறுவது. கடலில் இருக்கும்போது சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டபடியே அது நன்னீரில் ஏறுவதால், ஆற்றுக்குள் பிடிபட்ட மீனுக்கும் கடலில் பிடிபட்ட அதே மீனுக்கும் விலையிலும் மதிப்பிலும் பெரும் வேறுபாடு உண்டு. தமிழர் நிலத்தில் இதன் ஆறு காவிரியும் அதன் கிளையான கொள்ளிடமும் ஆகும். 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பியபின், வெள்ளத்தோடு ஏறிவந்த உள்ளம் அணைச்சுவரை முட்டி நின்றது. இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் அறிக்கை வெளியிட்ட பிரான்சிஸ் டே இத்தகைய தடைகளின் தீங்கைச் சுட்டிக்காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கொள்ளிடத்தில் உள்ளத்தின் முட்டைகளைச் செயற்கையாகக் கருவூட்டிப் பொரிக்க வைக்கவும் முயன்றனர். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று வெள்ளத்தின் இயல்பே மாறியபின், காவிரிக்கரைச் சமையலிலிருந்து ஆற்று உள்ளம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அணைகளால் மீன் மட்டும் மறையவில்லை, அதைச் சமைக்கத் தெரிந்த கைகளின் அறிவும் தலைமுறைக்குள் மறைந்தது என்பது பெரிதும் வருந்தத்தக்க இழப்பு.

அந்த அறிவு உயிரோடு இருக்கும் இடங்களிலிருந்து கற்க வேண்டியவை உண்டு. கோதாவரியில் அதே காட்டன் 1852இல் முடித்த தவளேஸ்வரம் அணைக்குக் கீழே, ராஜமுந்திரி முதல் யானம் வரையுள்ள பகுதியில், ஆடி ஆவணி வெள்ளத்தோடு ஏறும் புலாசாவை மண்சட்டியில் புளி, வெங்காயம், வெண்டைக்காய் சேர்த்து, சிறுதீயில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, வெண்ணெய் சேர்த்து இறக்கி, மறுநாள் உண்கின்றனர். இம்மீனின் சதைக்குள் ஊடுருவிக் கிடக்கும் எண்ணற்ற கவைமுட்களுக்குப் புளியும் நெடுநேரக் கொதியும் ஈடுகொடுக்கும் என்பது அவர்கள் கணிப்பு. வங்காளத்தில் கடுகை அரைத்து, பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் சேர்த்து மீனில் பூசி, மூடிய பாத்திரத்தில் அவிப்பதே தலைசிறந்த முறை. சினையை மஞ்சள் உப்போடு பொரித்து, மீனிலிருந்து உருகி வந்த எண்ணெயையே சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்து அதனோடு உண்பதும் அங்கு வழக்கம். மீனின் சொந்தக் கொழுப்பை வீணாக்காமல் சோற்றுக்குக் கொண்டுவரும் இந்தச் சிக்கனம், மணலைச் சினையைப் பொரித்த தாச்சியில் மிஞ்சும் எண்ணெய்க்கும் தக்கதே. அதில் வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் வதக்கிச் சம்பலாக்கலாம்.

வங்கதேசம் 2017இல் இலிஷுக்குப் புவிசார் குறியீடு பெற்றதோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் ஒக்டோபர் முழுநிலவை ஒட்டி 22 நாட்கள் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்து, சினை மீன்கள் முட்டையிட வழிவிடுகிறது; 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளைப் பிடிப்பதற்கும் பல மாதத் தடை உண்டு. சினையை விரும்பும் மக்களே சினைக்காலத்தில் தம் நாவை அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

மகாவலியின் வெள்ளமும் இன்று முழுக்க மழையின் கையில் இல்லை. 1976இல் பொல்கொல்லைத் திசைதிருப்பலில் தொடங்கி, 1985இல் விக்டோரியா, 1990இல் ரன்தம்பை என மேலே எழுந்த அணைகள், கொட்டியாரக் குடாவுக்கு எவ்வளவு நீர் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கேற்கின்றன. உள்ளம் போல மேலேறத் தேவையில்லாத மணலைக்கு அணைச்சுவர் நேரடித் தடையன்று. ஆனால் களப்பின் உவர்ப்பும் முகத்துவாரத்தின் திறப்பும் ஆற்றுநீரையே நம்பியிருப்பதால், அதன் பயணத்துக்கும் அந்த நீர் வேண்டும். கண்ணுக்கு உடனே தெரியும் அழுத்தம் வேறு: முட்டையிடக் கடலை நோக்கிக் கூட்டமாகச் செல்லும் பெட்டைகளை ஒடுங்கிய வாயில் வலைகட்டி மறிப்பது மிக எளிது என்பதால், சினைக்குக் கிடைக்கும் நல்ல விலையே அக்கூட்டத்தைக் குறைக்கவும் செய்கிறது. சினையை மட்டுமே நாட வேண்டியதில்லை: ஆண் மணலையின் வெண்ணிற விந்துப்பையும் மென்மையான சுவையுடையது. சொதிக்கு அது சினைக்கு ஏறத்தாழ நிகரே. சினையற்ற சிறு மணலையும் புளிக்குழம்புக்கும் பொரியலுக்கும் முழுமையாகப் பொருந்தும். குறைந்த கூட்டம் விரைவில் மீளாது: கடலில் பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் வளர்ந்ததும் முகத்துவாரம் வழியே களப்புக்குள் நுழைகின்றன. அவற்றுள் ஒரு பெட்டை முதன்முறையாகச் சினை தாங்கிக் கடலுக்குத் திரும்ப ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும்.